விசாரணை இல்லாமல் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினேன்: ஐந்து ஆண்டுகளும் எட்டரை லட்சமும் போயின

கோவையில் பதினாறு பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையை நடத்தி வருகிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் இம்பெல்லரும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் எங்கள் தொழில். என் தந்தையின் காலத்திலிருந்தே எங்கள் பட்டறையில் ஆள் எடுப்பதும் ஆளை நிறுத்துவதும் வாய்ச்சொல்லாகவே நடந்து வந்தன. 2018 செப்டம்பரில் அப்படி ஒரு வாய்ச்சொல்லால், லேத்தில் கடையும் ஒரு டர்னரை நிறுத்தினேன். அந்த விவகாரம் 2023 ஜூன் மாதம்தான் முடிந்தது. நடந்த ஒவ்வொரு கட்டத்திலும், இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். அதனால் என் தவறுகளை மறைக்காமல், பணக் கணக்கோடு, வரிசையாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். என் வழக்கின் கட்டுகளை ஐந்து ஆண்டுகள் சுமந்து அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை.

அவர் 2009 ஜூனில் சேர்ந்தவர். பத்து மைக்ரான் பிசகாமல் கடையக்கூடிய கை. மாதச் சம்பளம் கடைசியாக 17,400 ரூபாய். ஆனால் சொல்லாமல் விடுப்பு எடுக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. அந்த ஆண்டில் மட்டும் ஐந்து முறை அப்படி நின்றிருந்தார். ஒவ்வொரு முறையும் திட்டிவிட்டு, மறுநாளே மெஷினில் நிறுத்திக்கொண்டேனே தவிர, ஒரு முறைகூட எழுத்தில் எதையும் கொடுக்கவில்லை. செப்டம்பர் 10ஆம் தேதி முதல் அவர் வரவில்லை. கைப்பேசியும் அணைக்கப்பட்டிருந்தது. 22ஆம் தேதிக்குள் 400 ஷாஃப்ட் அனுப்பவேண்டிய ஆர்டர் பாதியில் நின்றது. அவரை அன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னதும் எனக்கு இரத்தம் கொதித்தது. 24ஆம் தேதி காலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக, "நாளையிலிருந்து நீ வர வேண்டாம், கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அனுப்பினேன். வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலை எடுத்து அவர் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டைப் போட்டபோது மனத்துக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உண்மையில் அவருக்கு மஞ்சள் காமாலை. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருத்துவர் செப்டம்பர் 10 முதல் 30 வரை விடுப்புச் சான்று கொடுத்திருந்தார். மண்டபத்தில் பார்த்ததும் உண்மைதான். அது அவருடைய அக்கா மகளின் திருமணம். தாய்மாமன் சீர் செய்யாமல் எப்படி இருப்பது என்று, நோயோடு ஒரு மணிநேரம் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறார். அன்று இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, நோய்ப் பயன் பெறும் காலத்திலோ, முறையான சான்றுள்ள நோயால் வராமல் இருக்கும் காலத்திலோ ஒரு தொழிலாளியைப் பணிநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது. மாதந்தோறும் தவறாமல் அவருக்கு இ.எஸ்.ஐ. சந்தா கட்டிவந்த எனக்கு அந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: ஒருவர் வரவில்லை என்றால், அவர் ஏன் வரவில்லை என்பதை எழுத்தில் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். வேறொருவர் எங்கேயோ பார்த்ததாகச் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நவம்பரில் தொழிற்சங்கத்தின் வழியாக ஒரு கடிதம் வந்தது. மீண்டும் வேலை தர வேண்டும், நிலுவையில் உள்ள ஒன்பது நாள் சம்பளத்தையும் தர வேண்டும் என்பதே கோரிக்கை. எங்கள் வரிக்கணக்கைப் பார்ப்பவரிடம் காட்டினேன். "பதினாறு பேர் பட்டறைக்கெல்லாம் லேபர் கோர்ட் வராதுங்க, பதில் போடாம விடுங்க" என்றார். இது எங்கள் வட்டாரத்தில் பலரும் நம்பும் பிழை. இ.எஸ்.ஐ.க்கும் பணிக்கொடைக்கும் (கிராஜுவிட்டி) பத்துப் பேர், பி.எஃப்.புக்கு இருபது பேர் என்று எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆனால் தவறான பணிநீக்கத்துக்கு எதிராக ஒரு தொழிலாளி வழக்குத் தொடுக்க அப்படி எந்த வரம்பும் இல்லை. அன்று நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2-ஏ பிரிவு, தனி ஒருவரின் பணிநீக்கத்தையே தொழில் தகராறாகக் கருதியது. அவருக்குப் பின்னால் சங்கமோ கூட்டமோ இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. கடைகள் நடத்தும் நண்பர்களும் தங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று இருந்துவிட வேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது.

தொழிலாளர் உதவி ஆணையரின் சமரசப் பேச்சுக்கு அழைப்பு வந்தது. முதல் தேதிக்கு நான் போனேன். அடுத்த மூன்று தேதிகளுக்கு என் கணக்கரை அனுப்பினேன். முதல் நாளிலேயே அந்தத் தொழிலாளி, இடைப்பட்ட மாதங்களுக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம், வேலையை மட்டும் கொடுத்தால் போதும் என்று அதிகாரியின் முன்னால் சொன்னார். அதிகாரியும் என்னைப் பார்த்து, "இதைவிட நல்ல வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு எனக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு ஒன்பது நாள் சம்பளம் மட்டுமே. ஆனால் மற்ற பதினைந்து பேரும் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற ஒரே நினைப்பில் மறுத்துவிட்டேன். சமரசக் கட்டம்தான் முதலாளிக்கு மிக மலிவான கட்டம். அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் நேரில் போக வேண்டும். கணக்கரை அனுப்பிவைப்பதும், போகாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் கழிந்துவிட்டால் தொழிலாளி நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது 2010ஆம் ஆண்டுத் திருத்தம். அவர் 2019 ஜூனில் போனார். இனிமேல்தான் நான் செய்த பெரிய தவறுகள் வருகின்றன. முதலில் நான் அமர்த்திய ஆலோசகர், பழைய தேதியிட்டு இரண்டு எச்சரிக்கை மெமோக்களைத் தயார் செய்யச் சொன்னார். வெட்கத்தோடு சொல்கிறேன், செய்தேன். 2016 மார்ச் என்று தேதி போட்டு, எங்கள் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கையெழுத்தும் போட்டேன். பிறகு வேறு வழக்கறிஞரிடம் போனபோது அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி, மேல் மூலையை விரலால் தட்டிக் காட்டினார். லெட்டர்ஹெட்டில் எங்கள் ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருந்தது. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1ஆம் தேதி. "இதைத் தாக்கல் பண்ணியிருந்தா வழக்கு தோத்துப் போறது மட்டுமில்லைங்க, பொய் ஆவணத்துக்கு நீங்க தனியா பதில் சொல்லணும்" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். அந்த ஆலோசகருக்கு நான் கொடுத்திருந்த 15,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது தவறு எதிருரையில், அதாவது தொழிலாளியின் மனுவுக்கு நாங்கள் எழுத்தில் தாக்கல் செய்யும் பதிலில், நிகழ்ந்தது. அதற்குள் பழைய ஆலோசகர் தயாரித்த எதிருரை தாக்கலாகிவிட்டது. அதில், "மனுதாரர் தாமாகவே வேலையை விட்டுச் சென்றுவிட்டார், நிர்வாகம் அவரை நீக்கவில்லை" என்று இருந்தது. பட்டறை முதலாளிகள் பெரும்பாலோர் எடுக்கும் நிலைப்பாடு இதுவே. இதில் இரண்டு குழிகள் உள்ளன. தாமாகவே போனார் என்றால், அவரைத் திரும்ப அழைத்து ஏன் ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை என்பதே நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கும். வராமல் இருந்தார் என்பதற்காக விசாரணையே இல்லாமல் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு எதிரானது என்று 1993லேயே டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டாவது குழி இன்னும் ஆழமானது. உள்விசாரணை நடத்தாமல் நீக்கியிருந்தாலும், தொழிலாளியின் தவறை நீதிமன்றத்திலேயே சாட்சியம் கொடுத்து நிரூபிக்க முதலாளிக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்பது 1973ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் தீர்ப்பு முதல் நிலைத்த சட்டம். ஆனால் அந்த வாய்ப்பு வேண்டும் என்பதை எதிருரையிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு லட்சுமிதேவம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. நீக்கவே இல்லை என்று எழுதிவிட்ட நான், நீக்கியதற்கு நியாயம் இருந்தது என்று எப்படிக் கேட்பது? எதிருரையில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

குறுக்கு விசாரணை நாளை என்னால் மறக்க முடியாது. தொழிலாளியின் வழக்கறிஞர் மஸ்டர் ரோலை என் முன்னால் விரித்து வைத்து, இந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். எந்தத் தேதியில் என்றார். செப்டம்பர் 24 என்றேன். தாமாகப் போனவரின் பெயரை அடிக்க அந்தத் தேதியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்து, உரிய சான்றுரையோடு தாக்கலாகியிருந்த என் குரல் பதிவு அங்கே ஒலித்தது. என் குரலை, அதில் இருந்த திமிரை, அத்தனை பேர் முன்னிலையில் கேட்டபோது உடம்பு கூசியது. அந்தத் தொழிலாளி தலையைக் குனிந்தபடி தம் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கொரோனா வந்தது. நீதிமன்றம் மாதக்கணக்கில் நடக்கவில்லை. முதலாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. வழக்கு எந்தக் காரணத்தால் தள்ளிப்போனாலும், வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம், அதாவது பின்சம்பளத்தின் கணக்கு, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாய்தா வாங்குவது கடன்காரனைத் தள்ளிப்போடுவது போன்றது என்று நான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு வாய்தாவும் என் கணக்கில் 17,400 ரூபாயைக் கூட்டிக்கொண்டிருந்தது. 2022 செப்டம்பர் இறுதியில் தீர்ப்பு வந்தது: பணித்தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, பாதிப் பின்சம்பளம். 48 மாதங்களுக்கு முழுச் சம்பளம் 8,35,200 ரூபாய், அதில் பாதி 4,17,600 ரூபாய். பணிநீக்கம் தவறானால் முழுப் பின்சம்பளமே இயல்பான நிவாரணம் என்று 2013இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், பாதியோடு விட்டதே பெரிது என்றார் என் வழக்கறிஞர். வேறிடத்தில் சம்பாதிக்கவில்லை என்று தொழிலாளி சொல்லிவிட்டால், சம்பாதித்தார் என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் வந்து விழும். அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் தினக்கூலிக்குப் போய்வந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர் பெயரில் எந்தப் பதிவேடும் இல்லை. அந்தப் பட்டறைக்காரர் சாட்சி சொல்ல வரவும் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பதிவேடு இல்லாமல் ஆள் வைத்திருந்ததை அவர் எப்படிக் கூண்டில் ஏறிச் சொல்வார்?

தீர்ப்பை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டேன். பின்சம்பளத்தில் பாதியான 2,08,800 ரூபாயை முன்பணமாகக் கட்டும் நிபந்தனையோடு தடை கிடைத்தது. தடை வாங்கிவிட்டால் மூச்சு விடலாம் என்ற நினைப்பு ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. மீண்டும் வேலை தரச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போனால், வழக்கு முடியும்வரை அந்தத் தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தை மாதந்தோறும் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 17-பி பிரிவு. அவர் வேலை செய்யாமலேயே ஒன்பது மாதங்களுக்கு 1,56,600 ரூபாய் கொடுத்தேன். அதற்குப் பதிலாக அவரை வேலைக்கு அழைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அழைத்திருக்க வேண்டும்தான். வழக்கு நடக்கும்போதே, உரிமைகள் பாதிக்காத வகையில் ஆளை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டால் பின்சம்பளம் அன்றோடு நிற்கும் என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைய மனநிலையில் நான் கேட்டிருப்பேனா என்பதும் சந்தேகமே.

2023 ஜூனில் இருவரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். மொத்தம் 5,25,000 ரூபாய். முன்பணமாகக் கட்டிய தொகையும் அதில் அடங்கும். இதில் பணிக்கொடையைத் தனி வரியாகக் காட்டச் சொன்னார் என் வழக்கறிஞர். பதினான்கு ஆண்டுகளுக்கு, 17,400ஐ 26ஆல் வகுத்து 15ஆலும் 14ஆலும் பெருக்கினால் 1,40,538 ரூபாய் வருகிறது. பணிக்கொடையைத் தொழிலாளியே விட்டுக்கொடுத்தாலும் சட்டம் அதை ஏற்காது. எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு பணிக்கொடைக்காகத் தனி மனுவைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் கட்டணமும் பயணமும் ஏறத்தாழ 1,85,000 ரூபாய். ஆக, என் கையை விட்டுப் போனது 8,66,600 ரூபாய். அதற்காக ஆறடி லேத் ஒன்றை விற்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவில் நின்றபோது அவர், "அண்ணா, அந்த ஆறடி மெஷின் ஹெட்ஸ்டாக் சத்தத்தைச் சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். பண்ணியாச்சு என்று பொய் சொன்னேன்.

முறையாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் தேவையில்லை என்று 2018இல் ஆட்குறைப்பாகவே நிறுத்தியிருந்தால், அதே தொழில் தகராறுகள் சட்டத்தின் 25-எஃப் பிரிவின்படி ஒரு மாத முன்னறிவிப்புச் சம்பளம் 17,400, ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 78,300, பணிக்கொடை 90,346, எல்லாம் சேர்ந்து 1,86,046 ரூபாயில் முடிந்திருக்கும். ஆனால் ஆட்குறைப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த மாதமே அந்த மெஷினுக்கு வேறொரு டர்னரை எடுக்க முடியாது. நிறுத்தப்பட்டவருக்கே முதலில் வாய்ப்புத் தர வேண்டும். உண்மையான காரணம் ஒழுங்கீனம் என்றால், அதற்கான வழி உள்விசாரணைதான். பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியது என்று நான் பயந்த அந்த விசாரணை, உண்மையில் ஏழெட்டுத் தாள்களும் இரண்டு மூன்று அமர்வுகளும்தான். எந்தத் தேதிகளில் வரவில்லை என்று துல்லியமாகக் குறிப்பிட்டு, பழைய தவறுகளையும் கணக்கில் எடுக்கப்போவதாக இருந்தால் அவற்றையும் அதிலேயே எழுதி, தமிழில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை. விளக்கம் தர நியாயமான அவகாசம். புகார் சொல்பவரும் சாட்சி சொல்பவரும் அல்லாத வேறொருவர் விசாரணை அலுவலராக இருப்பது. சாட்சிகளைத் தொழிலாளி குறுக்குக் கேள்வி கேட்க விடுவது. அறிக்கையின் நகலைக் கொடுத்து, தண்டனை பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பது. எங்கள் வட்டாரத்தில் ஒரு வழக்கறிஞர் இதற்கு 20,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை. விசாரணை வரையில் பணியிடை நீக்கத்தில் வைத்தால் தமிழ்நாட்டுப் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், பிறகு 75 சதவீதம், 180 நாளுக்கு மேல் முழுச் சம்பளம் என்று இருந்ததால், விசாரணையை இழுக்காமல் முடிப்பது நமக்கே நல்லது. இத்தனையும் செய்த பிறகும், தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்று நீதிமன்றம் நினைத்தால் அதை மாற்ற முடியும். ஒன்பது ஆண்டு வேலை செய்தவரைச் சில நாள் வராததற்காக நீக்கியிருந்தால் அநேகமாக மாற்றியிருக்கும். அந்த விசாரணையை நான் நடத்தியிருந்தால், முதல் அமர்விலேயே அந்த மஞ்சள் காமாலைச் சான்று என் கைக்கு வந்திருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், நான் சொன்ன பிரிவு எண்கள் இப்போது மாறியிருக்கின்றன. பணிநீக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கான காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கும் ஆளுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. ஆள் தாமாக ராஜினாமா செய்தாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். நான் நிறுத்தி வைத்த அந்த ஒன்பது நாள் சம்பளம் பழைய சட்டத்திலேயே குற்றம்தான்.

இப்போது பட்டறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. நியமனக் கடிதம், முகவரிச் சான்று, விடுப்பு விண்ணப்பங்கள், கொடுத்த மெமோ, அதற்கு வந்த பதில் எல்லாம் அதில் இருக்கும். மூன்று நாள் சொல்லாமல் வராதவருக்கு நான்காம் நாள் ஒரு கடிதம் போகும். முன்பெல்லாம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புவோம். 2025இல் அது விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், இப்போது விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான விவரத்தை அச்செடுத்துக் கோப்பில் வைக்கிறோம். வாட்ஸ்அப்பில் வேலை சம்பந்தமாக நான் குரல் பதிவு அனுப்புவதே இல்லை. போன மாதம் மில்லிங் மெஷினில் இருக்கும் ஒரு பையன் நான்கு நாள் வரவில்லை. கடிதம் போயிற்று. ஆறாம் நாள் காலை, கையில் கட்டோடும் இ.எஸ்.ஐ. சான்றோடும் வந்து நின்றான். வண்டியில் விழுந்துவிட்டானாம். சான்றை வாங்கிக் கோப்பில் குத்திவிட்டு, கை ஆறும்வரை ஸ்டோரில் உட்காரச் சொன்னேன்.